எடை குறையாவிட்டால் நடை வீணா?

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் காலையில் நடக்கிறேன். எடை அப்படியே இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: எடை மெஷினை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும், இதயத்தையும் கேளுங்கள். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, 1953-இல் முடிவை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. டிரைவர்கள் பருமனானவர்கள், அதனால்தான் என்று நீங்கள் மறுக்கலாம். மோரிஸ் அதையும் விடவில்லை. சீருடைக்கு எடுத்த இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் பெரிதுதான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு வகையிலும் கண்டக்டர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாகவே இருந்தது. படியேறியதன் பலன் இடுப்பளவோடு முடிந்துவிடவில்லை.

எடை பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்கு. ஒரு மணி நேர நடையில் செலவாவது சுமார் 200 முதல் 250 கலோரி. திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால் அது அத்தனையும் வட்டியோடு திரும்பிவிடும். நிறுத்த வேண்டியது வடையை, நடையை அல்ல. அப்படியானால் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் போதாதா? போதாது, உடற்பயிற்சி இல்லாமல் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும். நாளையே தண்டால், பஸ்கியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.