மாமியின் மின்விசிறியும் பெட்டரிக் கணக்கும்

இன்வேர்ட்டர் எனப்படுவது, பெட்டரியில் சேர்ந்திருக்கும் 12 வோல்ட் நேரோட்டத்தை, சுவர் பிளக்கில் வருவது போன்ற 230 வோல்ட் ஆடலோட்டமாக மாற்றித் தரும் கருவி என்று பாடநூல்கள் வரையறுக்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியிலோ அது முதலில் குடும்ப விவகாரம், அதன் பின்னரே மின்னியல். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிபோகும் வழக்கமுள்ள இக்கரையில், வீடு மனைவியுடையது. கருவிக்குக் காசு கொடுப்பவர் மருமகன். எந்த அறைக்கு வயர் இழுப்பது என்று தீர்மானிப்பவர் மாமி. வாட், அம்பியர் முதலிய அலகுகள் இந்த அதிகாரப் பங்கீடு முடிந்த பின்னரே பேச்சுக்கு வரும்.

தேவை எவ்வாறு பிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமற்போய், 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, ஆங்கில எழுத்தால் பெயரிடப்பட்ட மின்வெட்டுக் குழுக்களில் தம் வீடு எதில் அடங்கும் என்பதை, ஆங்கிலம் படித்திராத உம்மாமாரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பின்னர் எல்லாம் மறந்திருந்த வேளையில், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொண்டதால் நாடு முழுதும் இருண்டது என்று துறைக்குரிய அமைச்சரே தெரிவித்தார். தம் வீட்டு வைஃபை, தீவின் மறுகரையில் உலாவும் குரங்கொன்றின் அன்றைய மனநிலையில் தங்கியிருக்கிறது என்று அறிந்த பின்பும் பெட்டரி வாங்காதிருக்கப் பெருந்துணிவு வேண்டும்.

கணக்கு கடினமானதன்று. 9 வாட் மின்குமிழ் இரண்டு, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 15 வாட், சார்ஜில் கிடக்கும் கைபேசிகள் இரண்டுக்கு 20 வாட் எனக் கூட்டினால் 53 வாட். நான்கு மணி நேரத்துக்கு 212 வாட் மணி, அதாவது வாட்டை மணியால் பெருக்கி வரும் ஆற்றலளவு. மாற்றத்தின்போது இன்வேர்ட்டர் விழுங்குவதைச் சேர்த்து 250 என்று வைத்தால், ஈய அமில பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் தேய்ந்துவிடும் என்பதால் அத்தொகையை இரட்டித்து, 12 ஆல் வகுக்க, 42 அம்பியர் மணி அளவில் ஒரு பெட்டரி போதும் என்று விடை வரும். விடை வந்த அதே கணத்தில், கச்சான் காற்று சுட்டெரிக்கும் காலத்தில் ஃபேன் இல்லாமல் மனுசர் எப்படிப் படுப்பது என்று மாமியின் அறையிலிருந்து ஒரு வினா எழும். 50 வாட் மின்விசிறி ஒன்று சேர்ந்த மாத்திரத்தில் தேவை ஏறக்குறைய இரட்டித்து, 100 அம்பியர் மணி பெட்டரியாகிவிடும். அதோடு, சதுர அலையாக வெட்டி அனுப்பும் மலிவான இன்வேர்ட்டரில் ஃபேன் உறுமும் என்பதால், சீரான சைன் அலை தருவதையே வாங்க நேரும். இரவு முழுக்க அந்த உறுமலைக் கேட்கப்போவது யார் என்று அறிந்த மருமகன் இதில் பேரம் பேசுவதில்லை.

கடைக்காரரின் முன்னே நடப்பது வேறு அத்தியாயம். ரவுட்டருக்கென்று வரும் சிறிய பெட்டியின் மேல் 10,000 மில்லி அம்பியர் மணி என்றும், பக்கத்தில் கிடக்கும் கறுத்த ஈய பெட்டரியின் மேல் வெறும் 7 அம்பியர் மணி என்றும் எழுதியிருக்கும். பத்தாயிரம் எங்கே, ஏழு எங்கே என்று வாங்குபவர் முடிவுகட்டுவார். முன்னதன் உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட் மட்டுமே, ஆகவே அதன் மொத்த ஆற்றல் 37 வாட் மணி. பின்னதோ 12 வோல்ட் என்பதால் 84. வோல்ட்டைச் சொல்லாமல் அம்பியர் மணியை மட்டும் சொல்வது, நீளத்தை மட்டும் சொல்லி வளவு விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் ரவுட்டர் ஒன்றுக்கு மட்டும் என்றால், அந்தச் சிறிய பெட்டியே உத்தமம். ரவுட்டர் உண்பது நேரோட்டம். அதை இன்வேர்ட்டரில் 230 வோல்ட்டாக ஏற்றி, அடப்டரில் மறுபடி 12 ஆக இறக்குவதில், ரவுட்டர் செலவழிக்கும் அளவுக்குக் கருவிகளே குடித்துவிடக்கூடும்.

வாங்கிய பின் பெட்டரியைப் படுக்கையறையில் வைப்பது கூடாது; சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஐதரசன் வாயு கிளம்பும். திண்ணையில் வைத்தாலோ கடற்காற்றின் உப்பால் அரிப்பு விரைந்து, முனைகளில் நீலமும் வெள்ளையுமாய்ப் பூத்துக் கிடக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, வாசலின் பூசவேண்டும். குறைந்த நீருக்குப் பெட்டரித் தண்ணி என்று கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றவேண்டும். கிணறு பக்கத்தில் இருக்கையில் தண்ணீருக்கு எதற்குக் காசு என்று வாதிடுவோர், உவர்நீரை ஊற்றி, அடுத்த பெட்டரிக்கான காசைத் தாமே தேடிக்கொள்கிறார்கள்.

மேற்கண்ட கணக்கில் எந்த நூலும் சேர்க்காத இனம் ஒன்று உண்டு. இருட்டில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால், ராத்தா வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வளவு மச்சான், வழியில் போன காக்கா என்று கைபேசிகள் வந்து சேரும். ஒரு கைபேசியின் பெட்டரி 19 வாட் மணி கொள்ளுமென்றால், எட்டுக்கு 150 ஐத் தாண்டும், அதாவது இரு மின்குமிழ்கள் நான்கு மணி நேரம் எரியும் செலவின் இரு மடங்கு. அயலவருக்கு இல்லையென்று சொல்ல மாமி சம்மதியார் என்பதால், 150 அம்பியர் மணிக்கு என்ன விலை என்று முதலிலேயே கேட்டுவைப்பது நல்லது.