ஃபால்ஸ் வைத்தல்: காஞ்சி ஒட்டுத்தையல் பற்றி ஓர் ஆய்வு

துணிமேல் துணியை வைத்து, ஓரத்தை உள்மடித்துத் தைப்பதற்கு அப்ளிக் என்று பெயர். குவில்ட் வடிவமைப்பாளர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து, காஞ்சிபுரத்துத் துணிக்கடை ஒன்றில் இதைக் கற்பித்தால் என்ன ஆகும் என்பதே இவ்வாய்வின் வினா. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. தரும் என்ற அச்சமும் இல்லை.

முதல் தடை வெயில். குவில்ட் என்பது மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு. அக்னி நட்சத்திரத்தில் பிள்ளையார்பாளையத்து மாடி அறையில் ஓர் அடுக்கே மிகை. அடுத்த தடை, கையில் துணி மிஞ்சாதது. வங்காளத்தார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா ஆக்கினார்கள். நம் நூல்சேலையோ தூளியாகி, பாய்விரிப்பாகி, அடுப்படியில் பிடிதுணியாகி, கடைசியில் சைக்கிள் துடைக்கப் போய்விடும். பட்டுச்சேலை கிழிந்தாலும் ஜரிகையின் வெள்ளிக்காக விலைபோகும். “பழைய பட்டுப்புடவை வாங்கறது!” என்ற குரலுக்குப் பீரோ திறக்கும் தெருவில், அதை நறுக்கிப் பூவும் குருவியும் செய்யலாம் என்பவர் பத்திரமாக ஊர் திரும்புவது ஐயமே.

மூன்றாவது தடை கௌரவம். ஊசி படாமல் இரண்டு நிறத்தைச் சேர்ப்பதுதான் இவ்வூர்த் தறியின் பெருமை. கோர்வையில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடா ஓடும். தறியில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். ஊடை இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முந்தானையில் நிறம் மாற, பாவு இழைகளையே வேறு பாவோடு இணைப்பது பிட்னி. இத்தனை பாடுபடுபவரிடம் போய் “மேலே வைத்துத் தைத்துவிட்டால் என்ன?” என்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். தவிர, ஒட்டு என்றதும் நமக்கு நினைவு வருவது பள்ளிக்கூட டவுசரின் பின்புறம். அங்கே ஒட்டுப் போடாவிட்டால் தபால்பெட்டி என்பார்கள். போட்டால் வேறு பெயர் வைப்பார்கள்.

ஆனால் தேரைப் பாருங்கள். தேரிலும் மண்டபத்திலும் நீள்குழலாகத் தொங்கும் தொம்பைகள், தேரைச் சுற்றிய சீலைகள் எல்லாமே ஒட்டுத்தையல். யாளி, யானை, அன்னம் என்று வண்ணத்துணியில் வெட்டி வைத்துத் தைத்தவை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இது பரம்பரைத் தொழில். ஒடிசாவில் பூரி ஜகந்நாதருக்குப் பிப்பிலி ஊர்க்காரர்கள் இப்படித்தான் தைக்கிறார்கள். கெய்ரோவில் இதற்கென்றே ஒரு கூடாரக்காரர் தெரு இருக்கிறது. இவற்றிலிருந்து ஒரு விதி பெறப்படும்: ஒட்டின் மரியாதை அது தரையிலிருந்து இருக்கும் உயரத்துக்கு நேர்விகிதம். இரண்டடியில் வறுமை, இருபதடியில் பக்தி.

விதியைக் கெடுப்பது ஃபால்ஸ். கணுக்காலருகே, தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்துகொண்டு, அது இல்லாமல் காந்தி ரோட்டில் வாங்கிய எந்தச் சேலையும் கல்யாணத்துக்குக் கிளம்புவதில்லை. அது ஒரு பருத்திப் பட்டை. முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கிக் கரையையும் சேர்த்து இழுக்கும். பிறகு சேலையின் உள்பக்கம் அடியோரத்தில் வைத்து, மேல்விளிம்பில் பட்டின் ஓரிரு இழையை மட்டும் ஊசிமுனையால் கோத்துக்கொண்டு போக வேண்டும். வெளிப்பக்கம் தையல் தெரியக் கூடாது. அப்ளிக் ஆசிரியர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காட்டித்தரும் மறைதையல் இதேதான். நம் தெருவில் இதை டிவி சீரியல் பார்த்தபடி செய்கிறார்கள். வாசலில் “இங்கு ஃபால்ஸ் அடித்துத் தரப்படும்” என்ற அட்டை மட்டும் தொங்கும். கலை என்ற சொல் அதில் இருக்காது. சேலைக்குக் கேட்ட பணத்தை எண்ணி வைத்தவர்கள் இங்கே வந்துதான் “போன தடவை கம்மியாத்தானே வாங்கினீங்கக்கா” என்பார்கள். ஆய்வாளருக்கு இது பொறுக்கவில்லை. ஆய்வில் கோபத்துக்கு இடமில்லை என்பதால் மேலே செல்வோம்.

வகுப்பெடுக்க வருபவர் காஞ்சியில் சேலை வாங்காமல் திரும்பமாட்டார். வாங்கினால் ஃபால்ஸ் வைக்க வேண்டும். விசாரித்துக்கொண்டு அந்த அட்டை தொங்கும் வாசலுக்கு வருவார். அக்கா சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆவணி முகூர்த்தம் வருது. வெச்சுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்” என்பார். வகுப்பு நாளையோடு முடிகிறது, இரவே ரயில் என்று இவர் கெஞ்சுவார்.

“அவ்ளோ அவசரம்னா பக்கத்துத் தெருவுல மெஷின்ல ஓட்டித் தருவாங்க. போய்க் கேளுங்க.”