டர்னிப்பும் ஏரியும்

கேள்வி: அனிமல் கிராசிங் விளையாட்டில் என் தீவை ஊராக்கப் பணம் போதவில்லை. சீக்கிரம் சம்பாதிக்க வழி உண்டா?
– கல்லூரி மாணவி, அபிராமபுரம், சென்னை-18

பதில்: உண்டம்மா, டர்னிப் வாங்குங்கள். ஞாயிறு காலை டர்னிப் விற்கும் டெய்ஸி மே தலையில் சுமந்து வருவாள். விலை 90 முதல் 110 பெல்ஸ் (விளையாட்டின் காசு). திங்கள் முதல் சனி வரை கடையில் காலை ஒரு விலை, மதியம் ஒரு விலை. அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். ஜப்பானிய மொழியில் ‘கபு’ என்றால் டர்னிப்; பங்கும் ‘கபு’தான்! பங்குச்சந்தை படபடப்பு ஒத்துவராதென்றால், தரையில் மின்னும் இடத்தைத் தோண்டி 10,000 புதையுங்கள். மரமாகி 30,000 காய்க்கும். வீட்டுக்கடனுக்கு அவசரம் வேண்டாம். கடன் தரும் டாம் நூக் வட்டியே கேட்பதில்லை, தங்கமான மனுஷர்!

கையில் காசு சேர்ந்ததும் ஆற்றைத் திருப்ப, குளத்தை மூடக் கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். உங்கள் பக்கத்து தி.நகர் அப்படி வந்ததுதான். 1920-களில் மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்து, நடுவே பனகல் பூங்கா வைத்து அழகாகத்தான் கட்டினார்கள். ஆனால் மழைத்தண்ணீர் பழைய விலாசத்தை மறக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் தேடி வருகிறது. தீவில் தப்பாக மூடிய குளத்தை மறுநாளே திரும்ப வெட்டிக்கொள்ளலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, பார்க்க ஏரிதான் இல்லை.