எஞ்சும் ஊர்: அரையாண்டு விடுமுறைக்கு இடம் தேரும் முறை பற்றி ஓர் ஆய்வு

குளிர்கால விடுமுறைக்குப் போகும் ஊரைத் தமிழ்க் குடும்பம் தேர்ந்தெடுக்கிறது என்று பொதுவாக நம்பப்படுகிறது. இந்நம்பிக்கைக்குச் சான்று இல்லை. ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு, கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதற்கு வேன் பேசப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இதை இனி எச்சக் கொள்கை என்போம். இலக்கணத்தில் வரும் எச்சத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரெச்சமும் வினையெச்சமும் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆய்வுக்குள் நுழையுமுன், நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்ற ஐயத்தைத் தீர்க்க வேண்டும். மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்பது இலக்கண மரபு. சென்னையிலோ டிசம்பர் விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அது செய்தி. ஆகவே சமவெளிக் குடும்பம் முன்பனியை உயரத்தில் போய்த்தான் வாங்க வேண்டும். அதற்கான விலைப்பட்டியல் இயற்பியலில் இருக்கிறது: ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர், கொடைக்கானல் 2100-க்கு மேல், உதகை 2240. மேட்டுப்பாளையத்தில் சட்டை நனைய நின்றவர் உதகையில் இறங்கும்போது ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரியைத் தொலைத்திருப்பார். சட்டை மட்டும் அப்படியே நனைந்திருக்கும்.

காலமும் வரையறுக்கத்தக்கது. அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளுக்கும் ஜனவரி முதல் வாரத்துப் பள்ளி மணிக்கும் இடைப்பட்டது அது. இந்த இடைவெளிக்கு வேறெந்த விடுமுறைக்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு: மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை. மே மாதத்தைத் தின்றுவிடும் நிச்சயதார்த்தம், வரவேற்பு, மறுவீடு எதுவும் இந்தப் பத்து நாளைத் தொடாது. எங்கும் போகாமல் இருப்பதற்குக் குடும்பத்துக்குக் காரணமே கிடைக்காத ஒரே காலம் இது.

இனி, பிறர் கொள்கைகள். இத்துறையில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. முதலாவது பெரியப்பா பள்ளி. தரிசனம் இல்லாத பயணம் பயணமே அல்ல என்பது இதன் அடிப்படை; "அவ்வளவு தூரம் போய்ட்டு சாமி பாக்காம வர்றதா?" என்பது இதன் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும். இரண்டாவது சித்தப்பா பள்ளி. யாரும் போகாத இடத்துக்குப் போக வேண்டும் என்பது இதன் கொள்கை. யாரும் போகாததற்குக் காரணம் இருக்கக்கூடும் என்ற எதிர்வாதத்தை இப்பள்ளி இன்றுவரை எதிர்கொண்டதில்லை. மேகமலை, வால்பாறை, கொல்லிமலை ஆகியவை இப்பள்ளியின் மூல நூல்கள். செல்போனில் பார்த்த முப்பது விநாடிக் காணொளிகள் உரைநூல்கள். மூன்றாவது அத்தை பள்ளி. நமக்குச் சொந்தக்காரர் வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்தான் இயற்கை எழில் மிக்கது என்பது இதன் முடிபு. கோத்தகிரியில் இருந்த ஒன்றுவிட்ட மாமா திருப்பூருக்கு மாற்றலாகிப் போன ஆண்டில் கோத்தகிரியின் எழில் மங்கியதாகவும், திருப்பூரில் அது இன்னும் பிடிபடவில்லை என்றும் அத்தை குறிப்பிட்டிருக்கிறார்.

இம்மூன்றும் ஒரே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சந்திக்கின்றன. நூல் ஒன்றுக்கு உரிய மதங்கள், அதாவது கொள்கைகள், ஏழு என்று நன்னூல் சொல்கிறது. உடன்படுதல் அவற்றில் முதலாவது. குழுவில் மீதி ஆறும் கிடைக்கும்.

கழித்தல் எப்படி நடக்கிறது? சித்தப்பா பள்ளியின் ஊர்களே முதலில் விழுகின்றன. அவற்றை வீழ்த்துவது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 வளைவு, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. சித்திக்கு ஆறாவது வளைவில் தலை சுற்றும். ஒன்பதாவதில் வேன் நிற்கும். இது குடும்பம் முழுவதும் ஏற்றுக்கொண்ட மாறிலி. இதன்படி கொல்லிமலைக்கு வேன் எத்தனை இடத்தில் நிற்கும் என்று ஏழாம் வகுப்புப் பையன் நோட்டில் வகுத்துக் காட்டியபோது கொல்லிமலையும், கூடவே அங்குள்ள ஆகாய கங்கை அருவியும் பட்டியலிலிருந்து மறைந்தன. அந்த அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும் என்பதால் பாட்டியின் முழங்காலும் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கும். எலுமிச்சம்பழம், முன் சீட், கண்ணை மூடிக்கொள்ளுதல் ஆகிய மூன்று பரிகாரங்களும் ஆராயப்பட்டன. முன் சீட்டுக்குப் பெரியப்பாவின் உரிமை முந்தையது என்பதால் ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

கடலோரத்தை நீக்கியவர் பாட்டி. பெரியப்பா முன்மொழிந்த கன்னியாகுமரிக்குக் குறைசொல்ல எதுவும் இல்லை. கோயில் இருக்கிறது, 1970-இல் எழுப்பிய விவேகானந்தர் பாறை மண்டபம் இருக்கிறது, 2000-இன் முதல் நாளில் திறந்த 133 அடி வள்ளுவர் இருக்கிறார், பாறைக்கும் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் முடிவில் கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. ஆனால் பாட்டி 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதையும், 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததையும் நினைவில் வைத்திருப்பவர். கடற்கரை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் சொல்வார். வேறு வாதம் தேவைப்பட்டதில்லை. இந்த ஒரு நீக்கத்தை மட்டும் இக்கட்டுரை கேலிக்கு உட்படுத்தவில்லை.

தொலைதூர ஊர்கள் விழுவது இட்லி ஆரத்தால். காலை எட்டு மணிக்குள் சூடான இட்லி கிடைக்கும் எல்லையை வீட்டிலிருந்து அளந்தால் வரும் தூரமே இட்லி ஆரம். இதை வகுத்தவர் அம்மா. காஷ்மீர் இந்த ஆரத்துக்கு வெளியே விழுகிறது. அத்தையின் மகள் குல்மார்க் படத்தைக் குழுவில் போட்டபோது எல்லோரும் பூ அனுப்பினார்கள், எவரும் விலை கேட்கவில்லை. அங்கே டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம், சில்லை கலான் என்று அதற்குப் பெயர், தண்ணீர்க் குழாய்கூட உறையும் என்று அவள் எழுதினாள். நாற்பது நாள் என்பது ஐயப்ப விரதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று பெரியப்பா கணக்குச் சொன்னார். குழாய் உறைந்தால் பாத்திரம் எப்படிக் கழுவுவது என்று அம்மா கேட்டார். விடுமுறையில் போன இடத்தில் யார் பாத்திரம் கழுவப் போகிறார்கள் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். இட்லி ஆரம் இட்லியைப் பற்றியதே அல்ல, அம்மா சமைக்காமல் இருக்கக்கூடிய நிலப்பரப்பின் எல்லையைப் பற்றியது என்ற ஐயம் எனக்கு உண்டு. துணிய முடியவில்லை, அம்மாவிடம் யாரும் நேரில் கேட்டதில்லை.

ரயில்வே முன்பதிவு விதியும் ஒரு கழித்தற்கருவி. 2024 நவம்பர் முதல் அறுபது நாள் முன்னதாகத்தான் டிக்கெட் எடுக்கலாம்; அதற்கு முன்பு 120 நாள். டிசம்பர் 24-க்கு டிக்கெட் வேண்டுமானால் அக்டோபர் கடைசி வாரத்தில் ஊர் முடிவாகியிருக்க வேண்டும். குடும்பமோ அப்போது தீபாவளிப் பட்டாசின் விலையில் ஆழ்ந்திருக்கும். ஊர் முடிவாவது டிசம்பர் இரண்டாம் வாரத்தில். அப்போது ரயிலில் கிடைப்பது காத்திருப்புப் பட்டியலில் ஓர் எண் மட்டுமே. வேன் என்ற வாகனம் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

மழையும் தன் பங்குக்குக் கழிக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் மழை முடிந்தது என்று நினைப்பது மேற்குக் கரையாரின் சௌகரியம். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர்தான் கனமழைக் காலம். டிசம்பரிலும் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ஏரிக்கரையில் குதிரைக்காரர்களும் நாமும் மட்டும்தான் இருப்போம். நீலகிரியில் கிழக்கைப் பார்த்திருக்கும் குன்னூர்ச் சரிவுக்கும் இதே விதி. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் ஏறும் மலை ரயில், 16 குகை, 208 வளைவு, யுனெஸ்கோ அங்கீகாரம் எல்லாம் இருந்தும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்தால் நின்றுவிடும். மலை ரயிலை முன்மொழிபவர்கள் பெரும்பாலும் கேத்தி நிலையத்தில் எடுத்த 'மூன்றாம் பிறை' படத்தின் இறுதிக் காட்சியை இளவயதில் பார்த்தவர்கள். அந்தக் காட்சியிலும் ஒருவர் ரயிலில் ஏற முடியாமல் நிற்பதை அவர்கள் சான்றாக ஏற்பதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்திக்க வேண்டும். வளைவு, முழங்கால், இட்லி, டிக்கெட் ஆகியவைதான் உண்மையான அளவுகோல்கள் என்றால் இப்போட்டியில் ஆண்டுதோறும் வேடந்தாங்கல் அல்லவா வெல்ல வேண்டும்? சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஒரு கொண்டை ஊசிகூட இல்லை. கரையில் நடந்தாலே போதும். வழியெல்லாம் இட்லி. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்; கிளை தெரியாது, சிறகுதான் தெரியும். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊரார், வேட்டைக்காரர்களிடமிருந்து பறவைகளைக் காக்க 1858-லேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கிவைத்தார்கள். தமிழ்நாட்டு முன்பனிக்காலத்தில் காணத் தகுந்த காட்சி ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குழுவில் சொல்லியும் பார்த்தாயிற்று. "காலைல போய்ட்டு மத்தியானம் வந்துடலாமே, அதுக்கு எதுக்கு லீவு?" என்றார் சித்தப்பா. இதற்குப் பெரியப்பா பள்ளியும் உடன்பட்டது. நன்னூலின் முதல் மதம் குழுவில் தென்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

இந்தத் தோல்வியிலிருந்துதான் மறைந்திருக்கும் அளவுகோல் வெளிப்படுகிறது. போன இடம் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. ஜனவரியில் பள்ளி வாசலிலும் அலுவலகத்திலும் "செம குளிர்" என்று சொல்வதற்கும்தான். வேடந்தாங்கலில் குளிராது.

ஆக எஞ்சியது ஊட்டி. எல்லா ஆண்டும் எஞ்சுவது ஊட்டிதான் என்பது எச்சக் கொள்கையை நிறுவுகிறது. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். படிவத்தில் என்று வருகிறீர்கள், எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். குடும்பம் முழுவதும் ஒரு தேதிக்கும் ஒரு தொகைக்கும் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு நிகரான இந்நிகழ்ச்சி, பாகப்பிரிவினைக்குப் பிறகு நடந்ததில்லை.

குளிரை எங்கே தேடுகிறோம் என்பதிலும் ஆய்வுக்கு இடமுண்டு. உயரம் கூடக் கூடக் குளிர் என்ற விதியை நம்பி எல்லா வேனும் 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு ஏறுகின்றன. உறைபனியோ பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் புல் வெள்ளையாவது தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தாவரவியல் பூங்காவின் தாழ்ந்த புல்வெளியிலும்தான். அதுவும் வெயில் ஏறியதும் போய்விடும். பதினோரு பேருக்கு ஒரு கீசர் உள்ள காட்டேஜில் முதலாமவர் குளித்து முடிப்பதற்குள் தலைகுந்தா பச்சையாகிவிடுகிறது. எனவே உதகை உறைபனியைக் குடும்பம் காண்பது காட்டேஜ் டிவியின் காலைச் செய்தியில். "இன்னிக்கு ஊட்டில உறைபனியாம்" என்று ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா வாசிக்க, எல்லோரும் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

வர்க்கி, தைலம், சாக்லேட் வாங்குதல் பற்றித் தனிக் கட்டுரை தேவை, இங்கே விரிக்கவில்லை.

தொட்டபெட்டாவில் அன்று மஞ்சு இறங்கியிருந்தது. அங்குள்ள தொலைநோக்கி வழியே சித்தப்பா பார்த்தார். மஞ்சு இன்னும் பக்கத்தில் தெரிந்தது. டிக்கெட் வாங்கிவிட்டதால் வரிசையில் எல்லோரும் பார்த்தோம். பிறகு படம். மலைமேல் டிசம்பரில் எடுக்கும் குடும்பப் படத்தில் முன்னால் ஸ்வெட்டரும் பின்னால் வெள்ளையும் இருக்கும். ஏற்காடா, கொடைக்கானலா, மூணாறா, ஊட்டியா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. சித்தி எல்லோரையும் இரண்டடி இடப்பக்கம் நகரச் சொன்னார். உயரத்தை எழுதியிருக்கும் பெயர்ப்பலகையைப் பாட்டியின் தலை மறைத்துக்கொண்டிருந்தது.