ஃபோர்க் மாமா

இந்த மாமாவைத் திருவனந்தபுரத்தில் கரமனையிலும் பார்க்கலாம், வலியசாலையிலும் பார்க்கலாம். தெருவுக்கு ஒருவர் உண்டு. அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். வேட்டியில் கிரீஸ். வாசலில் முன்சக்கரம் கழற்றிய ஒரு புல்லட். எண் பலகையில் கே.எல்.டி. என்றிருக்கும், 1989-க்கு முந்தைய வண்டி என்று அர்த்தம். கே.எல்.-01 வண்டிக்காரர்களெல்லாம் அவருக்கு "நேத்திக்கு வந்த பசங்கள்".

"1955-லே மெட்ராஸ்லே பண்ண ஆரம்பிச்சா. அதுக்கு முன்னாடி எல்லாம் சீமையிலே ரெட்டிச்லேர்ந்து கப்பல்லே..." என்று அவர் ஆரம்பித்தால் நமக்குத் தம்பானூர் பஸ் போய்விடும்.

வண்டியின் வியாதி ஒன்றுதான். முன் ஃபோர்க்கில் ஆயில் கசியும். இடவப்பாதி மழையும் கடற்காற்றும் சேர்ந்து பைப்பின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துருப்புள்ளிகளை வைத்துவிடும். பள்ளத்தில் விழுந்தெழும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி ரப்பர் சீலை அரம் போல ராவும். பைப்பை மாற்ற வேண்டும், அல்லது புதிதாகக் குரோம் ஏற்றித் தேய்க்க வேண்டும். இது மாமாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் பைப்பு 'ஒரிஜினல்' ஆயிற்றே! ஆகையால் சீலை மட்டும் மாற்றுவார், திவசம் போல வருஷம் தவறாமல்.

பைப்பு வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பது சாப்பாட்டு மேஜைக் கண்ணாடியில். சீலை அடித்து இறக்கச் சாலைக் கம்போளத்தில் வாங்கிய ஒரு சாண் பி.வி.சி. குழாய். (நல்ல யோசனைதான், நேரே சுத்தியலால் தட்டினால் சீல் கோணிக்கொள்ளும்.) சீலின் விளிம்பு கிழியாமலிருக்கப் பைப்பு முனையில் பால் கவர். ஸ்பிரிங் தளர்ந்ததற்கு வைத்தியம், அதன் தலையில் 25 பைசாக்கள், காலுக்கு நாலு. 2011-ல் அந்தக் காசு செல்லாமல் போனபோது ஊரிலேயே சந்தோஷப்பட்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார். இரண்டு உடைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஃபோர்க்குக்குக் கால் இரண்டல்லவா?

போன தடவை என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஆரியசாலைப் பக்கம் குழாய்க்குத் தோண்டி மூடாத ஒரு பள்ளம். வண்டியின் முன்பக்கம் உள்ளே அமுங்கியது, அமுங்கினபடியே இருந்தது.

"புது சீலோன்னோ, இறுக்கம் விடணும்," என்றார்.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் இடது காலில் ஒரு சொட்டு. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! "நாளைக்குக் கழட்டிடலாம்."

உள்ளேயிருந்து மாமியின் குரல்: "ஏன்னா, மோர் டம்ளர் ஒண்ணு குறையறதே?"

"ஆயில் அளக்க எடுத்தேன். அலம்பி வெச்சுட்டேன்டி, அந்த ஆறோட ஆறாத்தான் இருக்கு."

நீங்கள் கரமனைப் பக்கம் வந்தால் மாமா கட்டாயம் உள்ளே கூப்பிடுவார். மாமியின் மோர்ச் சம்பாரம் அபாரமாக இருக்கும். சொம்போடு கேட்டு வாங்கி, அண்ணாந்து குடியுங்கள்.