பதினோராம் பருவம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். தவழப் பார்த்தால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, தத்தித் தத்தி வந்தால் வாரானை. ஜவுளிக்கடை நடுவே மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, கடையே திரும்பிப் பார்க்கக் கத்தும் பருவத்தை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டார்கள். பாட்டுடைத் தலைவன் முருகனாக இருக்கலாம், மன்னனாக இருக்கலாம். தீபாவளி நேரத்தில் தி.நகருக்குக் கூட்டிப்போகிற வேலை புலவருக்கு இல்லையே.

எனக்கு இருந்தது. மகளுக்கு இரண்டரை வயது. மனைவி பில் போடும் வரிசையில் நிற்க, நானும் மகளும் எஸ்கலேட்டரில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். "போதும்மா" என்றேன். அவ்வளவுதான், ஆள் தரையில்.

அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட நிலாவை அழைக்கும் புலவர் சாமம், தானம், பேதம், தண்டம் என்று நான்கு வழியையும் கையாள்வார். நானும் வரிசையாகப் பார்த்தேன். "செல்லம்ல, தங்கம்ல" என்றேன். அலறல் கூடியது. பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். அது பறந்துபோய் ஒரு பாட்டியின் கட்டைப்பையில் விழுந்தது. "அந்த அண்ணன் பாரு, எவ்ளோ சமர்த்து!" என்று காட்டினேன். அந்த அண்ணன் அந்த நொடியில்தான் எஸ்கலேட்டரைக் கவனித்தான். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். கடைசியாக, "சரி, அப்பா போறேன், டாட்டா" என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன்தான் ஓடிவந்தார்: "சார், குழந்தைய விட்டுட்டுப் போறீங்க!"

நிலாவும் இதுவரை இறங்கி வந்ததாகத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் படிப்பறிவு இல்லாமல் இல்லை. பொடேகல், டேவிட்சன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள 335 குழந்தைகளின் அடத்தைப் பெற்றோரிடம் கேட்டு எழுதிவாங்கி, 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்கு அடம் ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. அதிலும் முதல் அரை நிமிடத்துக்குள் குழந்தை தரையில் விழுந்தாலோ காலால் ஓங்கி மிதித்தாலோ, சீக்கிரமே முடிந்துவிடும் வாய்ப்பு அதிகமாம். அதாவது என் மகள் விழுந்தது நல்ல சகுனம். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தேன். தரையில், அவள் பக்கத்தில், சம்மணம் போட்டு. நம் ஊரில் அதற்கு அனுமதி இல்லை.

"அம்மா எங்க?" என்பது முதல் கேள்வி. அம்மா தனியாக மாட்டியிருந்தால் "என்ன வளர்ப்போ" என்றிருப்பார்கள். அப்பா என்பதால் எனக்கு அனுதாபம் கிடைத்தது. "பசிக்குது போல" என்றார் ஒருவர். "கண்ணு பட்டிருக்கு, வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடுங்க" என்றார் ஒரு அம்மா. "வயித்து வலிங்க. ஓமத்தண்ணி குடுங்க, சரியாயிடும்" என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் "எங்க காலத்துல முதுகுல ஒண்ணு வெச்சா அடங்கிடும்" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். யாரோ வாட்ச்மேனை முன்னால் தள்ளி, "தோ பாரு, போலீஸ் மாமா! புடிச்சிட்டுப் போயிடுவாரு!" என்றார்கள். பாவம், அவர் குனிந்து மகளின் காதருகே, "நான் போலீஸ் இல்ல பாப்பா" என்று விளக்கம் கொடுத்தார்.

ஆத்திரத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகும் என்கிறார்கள். அதே நேரம் பில் வரிசையில் எழுந்த சண்டையைக் கேட்டபோது, சிலருக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் என்று தோன்றியது.

திடீரென்று சத்தம் நின்றது. மகள் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி" என்றாள். ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது, கவனிக்கத்தான் ஆளில்லை. ஓமத்தண்ணீர்க் கட்சியும் சுத்திப்போடும் கட்சியும் எங்களை மறந்து தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தன. கடைப்பையன் ஒருவன் மகள் கையில் சிவப்பு பலூன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதைப் பார்த்த இன்னொரு பையன் "எனக்கு!" என்று எஸ்கலேட்டர் அடியில் பொத்தென்று விழுந்தான். அவன் அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்லக் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் நெருங்கிப் போய்ச் சொன்னேன்: "பசிக்குது போல, சார்."