எக்ஸ்ரேயிடம் வேண்டிய பதிலை வாங்குவது எப்படி?

பட்டாசு மருந்தில் என்ன இருக்கிறது என்று எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறல் படம்) எடுத்துப் பார்க்கப் போகிறீர்களா? சபாஷ். பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து சிவகாசியில் இந்தக் கேள்விக்குத் தனி மவுசு. பேரியம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேறு கருவிகளும் உண்டு. அது நைட்ரேட்டா, அதாவது நம் ஊர் பச்சை உப்பா, இல்லை சல்பேட்டா என்று அணுக்களின் அடுக்கைப் பார்த்துச் சொல்வது எக்ஸ்ஆர்டிதான். சொல்லும், நாம் விட்டால்.

1. முடிவை முதலில் டைப் செய்யுங்கள். கம்பெனிக்காரர் என்றால் "தடை செய்யப்பட்ட பொருள் காணப்படவில்லை". ஆராய்ச்சி மாணவர் என்றால் "நானோ துகள்கள் உருவானது உறுதியாகிறது". பொடி பிறகு வரட்டும், அவசரமில்லை.

2. பொடியை ஹோல்டரில் குவித்து வையுங்கள். இதுதான் முக்கியமான பாடம், கவனமாகக் கேளுங்கள். பச்சை உப்புக்கும், சிவப்பு வெளிச்சம் தரும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டுக்கும் அணு அடுக்கு ஒரே அச்சு, இரண்டும் கனசதுரம். பேரியம் கொஞ்சம் பருமன் என்பதால் அதன் கட்டம் 8.12 ஆங்ஸ்ட்ராம், ஸ்ட்ரான்சியத்தின் கட்டம் 7.78. செப்புக் குழாய் எக்ஸ்ரேயில் பேரியத்தின் முதல் பீக், அதாவது வரைபடத்தின் முகடு, 18.9 டிகிரியில் எழும், ஸ்ட்ரான்சியத்துடையது 19.7-க்கு மேல். நடுவே ஒரு டிகிரிகூட இல்லை. கண்ணாடித் தகட்டால் வழித்து, ஹோல்டர் விளிம்போடு சமன் செய்யச் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். பொடி ஒரு மில்லிமீட்டர் மேடாக நின்றாலே சாதாரணக் கருவியில் பீக் அரை டிகிரி அளவுக்கு மேல்பக்கம் நகர்ந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றினால் பேரியம் ஸ்ட்ரான்சியத்தின் வாசலில் போய் நிற்கும். பெரிய கோணங்களில் இந்த வித்தை பலிக்காது. ஆகவே ஸ்கேனை 25 டிகிரியோடு நிறுத்துங்கள். கூடக் கொஞ்சம் சிலிக்கான் பொடி கலந்து ஓட்டினால் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்துபோகும் என்று ஒரு கட்சி உண்டு. அந்த டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

3. தனி உப்பாக இருந்தால் அரைக்காதீர்கள். சில மைக்ரான் அளவுக்கு மாவாக்கச் சொல்வார்கள்; கை வலிக்கும். முரட்டு மணிகளாகவே விட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பீக் உயரம் வேறு வேறாக வரும், பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் கலந்த மருந்தைக் கலுவத்தில் போட்டு அரைக்கவே அரைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் நேராகச் சொல்வது இது ஒன்றுதான். உராய்வு என்ன செய்யும் என்று பட்டாசு ஊர்களான வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

4. எந்த பீக் உயரமோ அந்தச் சரக்குதான் அதிகம் என்று எழுதுங்கள். பேரியத்துக்கு 56 எலெக்ட்ரான், அலுமினியத்துக்கு 13. எலெக்ட்ரான் கூடினால் எக்ஸ்ரே கூடுதலாகச் சிதறும். அலுமினியச் செதில்கள் வேறு ஹோல்டரில் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டு ஒரு பீக்கைத் தூக்கியும் இன்னொன்றை அமுக்கியும் காட்டும். இதையெல்லாம் சரிக்கட்ட ரீட்வெல்ட் என்பவர் 1969-ல் ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். நம்மிடம் ஸ்கேல் இருக்கிறது.

5. பீக் வராத பொருள் மருந்திலேயே இல்லை. கரித்தூள் அப்படித்தான் காணாமல் போகிறது: அதன் அணுக்களுக்கு ஒழுங்கான அடுக்கு கிடையாது, ஆகவே பீக்குக்குப் பதில் ஒரு மங்கலான மேடு மட்டும். திரவங்கள் தரும் இதே மாதிரி மங்கலிலும் சேதி இருக்கிறது என்று ராமனும் கே.ஆர். ராமநாதனும் 1923-லேயே எழுதிவிட்டார்கள். எழுதட்டும். நீங்கள் 'பேக்கிரவுண்ட் கழி' பட்டனை அழுத்துங்கள்.

6. எதையும் நானோ ஆக்குங்கள். பீக் எவ்வளவு அகலமோ துகள் அவ்வளவு சிறிது என்பது ஷெரர் 1918-ல் தந்த சூத்திரம். கருவிக்கே சொந்தமாக 0.1 டிகிரி அளவுக்கு அகலம் உண்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். கழிக்காதீர்கள்! சமையல் உப்பை ஓட்டினாலும் 80 நானோமீட்டர் சொச்சம் என்று விடை வரும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் போட்டால் மரியாதை தானாக வரும்.

7. பீக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் 'ஜேசிபிடிஎஸ்' அட்டையின் எண்ணைப் பழைய தீசிஸிலிருந்து அப்படியே எடுத்துப் போடுங்கள். அந்த அட்டைகளை வெளியிடும் அமைப்பு 1978-லேயே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. உங்கள் கைடுக்கும் தெரியாது, அவருடைய கைடுக்கும் தெரியாது.

8. வண்ணத்தில் அச்சடியுங்கள். சிவகாசியில் ஆப்செட்டுக்கா பஞ்சம்? கருத்தரங்கு பேனரில் கே.எஸ். கிருஷ்ணன் படத்தை ராமனுக்குச் சமமாகப் போடுங்கள். 1898-ல் நம் வத்திராயிருப்பில் பிறந்தவர். படிகத்தின் காந்தத் தன்மையை அளந்தே உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொன்னவர். அந்தக் கட்டுரைகளைப் படிக்க உட்கார்ந்தால் பேனர் லேட்டாகும்.

9. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடுங்கள். கேட்டு ஒருவர் வருவார். "அந்த கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணிட்டோம் சார்" என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகுங்கள். 'சார்' கொஞ்சம் இழுக்க வேண்டும்.